யாரும் படம் எடுக்காத மழை: திருகோணமலை வீதிகளிலிருந்து கடலுக்குப் போகும் தண்ணீர்

திருகோணமலையில் மாரி தொடங்கியதும் வீதித் தண்ணீரைப் பற்றி எழும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: வடிந்ததா, இல்லையா? வீதியில் தண்ணீர் நின்றால் முறைப்பாடு போகும், முகநூலில் படம் வரும், யாராவது வந்து வடிகானைத் தோண்டுவார்கள். வடிந்துவிட்டால் கதை முடிந்தது. வடிந்த தண்ணீரில் என்ன இருந்தது, அது எங்கே போய்ச் சேர்ந்தது என்று கேட்பவர்கள் குறைவு. வீதிப் பொறியியலும் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. தண்ணீர் தாருக்கு எதிரி, அதை எவ்வளவு விரைவாக ஓரத்துக்குத் தள்ளுகிறோமோ அவ்வளவு காலம் வீதி நிலைக்கும் என்பதே அதன் பாடம். பாடத்தில் பிழை இல்லை, பாதியில் நின்றுவிட்டது.

முதலில் அளவைப் பார்ப்போம். 10 மீற்றர் அகலமான காபெட் வீதியில் ஒரு கிலோமீற்றர் நீளத்தை எடுத்துக்கொண்டால் பரப்பு சரியாக ஒரு ஹெக்ரேயர். அதில் 10 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 100,000 லீற்றர் தண்ணீர். தார் எதையும் குடிக்காது. சுமார் 90 வீதம் அப்படியே ஓரத்துக்கு வந்துவிடும், அதாவது 10,000 லீற்றர் பவுசர்கள் ஒன்பதைத் திறந்துவிட்ட அளவு. அதுவும் சாதாரண ஒரு மழைக்கு. மணிக்கு 50 மில்லிமீற்றர் வீதத்தில் கொட்டும் மாரி மழையில் அதே ஒரு கிலோமீற்றரிலிருந்து செக்கனுக்கு 125 லீற்றர் வரும். வடிகானையும் மதகையும் கட்டுபவர்கள் போடும் கணக்கு இதுதான். இந்தக் கணக்கில் தண்ணீரின் கனவளவு உண்டு, தண்ணீரில் கலந்திருப்பது எதுவும் இல்லை.

கலந்திருப்பது என்ன? டயர் தேயும்போது உதிரும் கறுப்புத் தூளில் துத்தநாகம் இருக்கிறது. டயரின் மேற்பட்டை நிறையில் ஏறத்தாழ ஒரு வீதம் அதுதான். பிரேக் கட்டைகள் தேயும்போது செம்பு வருகிறது. எஞ்சினிலிருந்து சொட்டும் ஒயில், டீசல் புகைக்கரி, தாரிலிருந்தே கழன்று வரும் எண்ணெய்ப் பொருட்கள் இவற்றோடு சேரும். கிறவல் ஓரங்களிலிருந்து அரித்து வரும் மண் இவை எல்லாவற்றையும் விட எடையில் கூடியது. நம்மூரில் இன்னும் ஒன்றைச் சேர்க்க வேண்டும்: கட்டாக்காலி மாடுகளின் சாணம். நகரத்துக்குள் வந்தால் புள்ளிமான்களின் பங்கும் உண்டு, அவற்றை யாரும் குறை சொல்ல மாட்டார்கள்! குளிர்நாடுகளில் பனியை உருக்க வீதியில் கொட்டும் உப்பு மிகப் பெரிய தலையிடி. அந்த ஒரு கவலை நமக்கு இல்லை.

உலோகங்கள் பெரும்பாலும் நுண்ணிய மண்துகளில் ஒட்டிக்கொண்டுதான் பயணம் செய்கின்றன. துகளைத் தடுத்து நிறுத்தினால் உலோகத்தில் ஒரு நல்ல பங்கையும் நிறுத்தலாம் என்பது இதிலிருந்து வரும் நல்ல செய்தி. கரைந்த நிலையில் போகும் மீதிதான் மீனுக்கும் சிப்பிக்கும் உடனே ஆபத்து. அதைப் பிடிப்பது கடினம். டயர் விடயத்தில் அறிவியலே பின்தங்கித்தான் இருந்தது. அமெரிக்காவின் வொஷிங்டன் மாநில ஓடைகளில் ஒவ்வொரு இலையுதிர்கால மழைக்குப் பிறகும் கோஹோ சல்மன் மீன்கள் ஏன் செத்து மிதக்கின்றன என்பதற்கு 2020 இல்தான் விடை கிடைத்தது. டயரின் இறப்பரில் வெடிப்பு விழாமல் இருக்கச் சேர்க்கும் ஒரு பொருள் காற்றிலுள்ள ஓசோனுடன் சேர்ந்து 6பீபீடி-குயினோன் என்ற நஞ்சாக மாறுகிறது. அந்த மீன் நம் கடலில் இல்லை, அதனால் நேரடியாக அச்சப்பட வேண்டியதில்லை. ஆனால் வாகனம் ஓடும் எல்லா இடத்திலும் அதே டயர்தான் தேய்கிறது.

திருகோணமலையை மற்ற இடங்களிலிருந்து வேறாக்குவது காலநிலை. ஆண்டுக்குக் கிடைக்கும் 1,500 முதல் 1,600 மில்லிமீற்றர் மழையில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான நான்கு மாதங்களில் விழுந்துவிடுகிறது. வைகாசியிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்கள் முழுக்க வீதியில் விழுவது பெரும்பாலும் கழுவப்படாமல் குவிகிறது. கூரைத் தண்ணீர் பிடித்துப் பழகிய எவருக்கும் அடுத்து நடப்பதை விளக்கத் தேவையில்லை: முதல் மழையை ஓடவிட்டுவிட்டுத்தான் பாத்திரத்தை வைப்பார்கள். வீதியிலும் அதேதான். அடிக்கடி மழை பெய்யும் ஊர்களில் ஒவ்வொரு மழையின் முதல் அரை மணி நேரமும் கொஞ்சம் அழுக்காக வரும். கோடை நீண்ட ஊர்களில் பருவத்தின் முதல் மழையே மிக அழுக்கான மழை. நம்மைப்போல நீண்ட வறட்சி உள்ள கலிபோர்னியாவின் நெடுஞ்சாலைகளில் நடந்த கண்காணிப்பும் இதையே காட்டியது.

அந்த முதல் மழை எது என்பதில்தான் சிக்கல். 2020 டிசம்பரில் திரியாய்ப் பக்கமாகக் கரையேறிய புரெவிப் புயலோ, 2025 நவம்பர் இறுதியில் வந்த டிட்வா புயலோ அல்ல அது. அப்போது வீதி ஏற்கனவே பலமுறை கழுவப்பட்டிருக்கும். வெள்ளத்தின் கேடு பெரிது, ஆனால் வீதி அழுக்கு அதில் நீர்த்துப்போயிருக்கும். உண்மையான முதல் மழை புரட்டாதியில் ஒரு மாலை, இருபது நிமிடம் இடியோடு பெய்து ஓய்வது. எங்கும் வெள்ளம் நிற்காது. யாரும் படம் எடுக்க மாட்டார்கள். மறுநாள் வெயில் எறிக்கும். கண்காணிப்பவர் காத்திருக்க வேண்டியது அந்த மழைக்குத்தான்.

தண்ணீர் எங்கே போகிறது என்பதற்குத் திருகோணமலையில் ஒரே பதில் கிடையாது. நகரம் ஒரு ஒடுங்கிய நிலத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு பக்கம் திறந்த கடல், மறு பக்கம் உட்துறைமுகம். திறந்த கடற்பக்கம் விழும் வடிகானின் நீரை அலை சில மணி நேரத்தில் கலக்கிக் கொண்டுபோய்விடும். உட்துறைமுகம் அப்படியல்ல. ஆழமானது, நாற்புறமும் நிலம் சூழ்ந்தது. இங்கே வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு, அதனால் நீர் மாறுவது மெதுவாகத்தான். அங்கே போகும் மண்துகள் அடியில் படிந்து அங்கேயே கிடக்கும். ஆகவே நகரத்தில் ஒரே மழையில் அருகருகே விழும் இரண்டு துளிகளின் கேடு, அவை எந்தப் பக்கம் உருள்கின்றன என்பதைப் பொறுத்தது. சரிவு பாறையாக இருக்கும் இடத்தில் தண்ணீர் நிலத்துக்குள் இறங்கவும் வாய்ப்பில்லை.

வடக்கே உப்புவெளி, நிலாவெளி வழியாகப் புல்மோட்டை வீதி போகும் கதை வேறு. நிலம் முழுக்க மணல். தண்ணீர் தேங்காது, உறிஞ்சிவிடும். வடிகான் போடுகிறவருக்கு இது சொர்க்கம், கிணற்றுக்காரருக்கு அப்படியில்லை. அங்கே நன்னீர் உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது, கிணறுகளும் ஆழமில்லை. மணல் துகளை வடிகட்டும். கரைந்து வருவதைப் பெரிதாகப் பிடித்துவைக்காது. இருந்தாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: என் கணிப்பில் அந்தக் கிணறுகளுக்கு வீதியைவிட மலசலகூடக் குழிகள்தான் பெரிய ஆபத்து. வீதியின் மேல் எல்லாப் பழியையும் போட்டுவிட்டு அதை மறந்துவிடக் கூடாது.

அதே வழியில் பெரியகரைச்சி, சின்னக்கரைச்சி களப்புகள் இருக்கின்றன. கிழக்குக் கரையின் சிறு களப்புகளில் பலவற்றின் முகத்துவாரம் கோடையில் மணலால் மூடிக்கொள்ளும். மாரியில் தண்ணீர் ஏறி, தானாக உடைத்துக்கொண்டோ ஊரவர்கள் வெட்டிவிட்டோதான் திறக்கும். இதைப் புரட்டாதி மழையோடு சேர்த்துப் பாருங்கள். வீதி அனுப்பும் மிக அழுக்கான தண்ணீர், களப்பின் வாய் மூடியிருக்கும் நாளில் வந்து சேர்கிறது. வெளியே போக வழியில்லை. இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வளரும் ஆழமற்ற ஓரம்தான் அதை முதலில் வாங்கிக்கொள்கிறது. நிலாவெளிக்கு அப்பால், கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் அளவில் புறாத்தீவின் பவளப்பாறைகள் இருக்கின்றன. அவற்றுக்கு வெப்பமும் மனிதக் கால்களும் பெரிய தொல்லை. கலங்கல் நீர் அந்தத் தொல்லையோடு சேர்ந்துகொள்வது.

தெற்கே கிண்ணியாவைப் பாருங்கள். முன்பு படகுப்பாதையில் கடந்த துறையை 2009 இல் திறந்த 396 மீற்றர் நீளப் பாலம் இணைத்தது. பாலங்களின் சிக்கல் தனி வகை: ஓரத்தில் புல் இல்லை, மண் இல்லை. தளத்து நீரை ஓரத்துக் குழாய்கள் வழியாக நேராகக் கீழே விடுவதுதான் உலகெங்கும் இருந்த எளிய வழக்கம். இப்போது பல நாடுகளில் அந்த நீரை நீளக்குழாயில் சேர்த்துக் கரைக்குக் கொண்டுவந்து, படிய வைத்த பிறகு விடுகிறார்கள். கிண்ணியாப் பாலத்துக்குப் பக்கத்திலிருக்கும் தம்பலகாமக் குடா ஒரு காலத்தில் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் மெல்லிய ஓட்டுச் சிப்பிகளுக்கும் அவற்றின் முத்துக்கும் பெயர்போனது. சிப்பி நாள் முழுக்கத் தண்ணீரை வடித்து உண்பது. தண்ணீரிலுள்ள துத்தநாகமும் செம்பும் அதன் சதையில் சேரும். இதைக் கண்காணிப்புக்கும் பயன்படுத்தலாம், பிறகு வருகிறேன்.

இந்தக் கட்டுரையில் என்னை மிகவும் உறுத்தும் இடம் நகரமும் அல்ல, கடலும் அல்ல, கந்தளாய். திருகோணமலைக் குழாய்களில் வரும் குடிநீர் கந்தளாய்க் குளத்திலிருந்து வருகிறது. அந்தக் குளத்தின் அருகால்தான் அம்பேபுஸ்ஸ–திருகோணமலை ஏ-6 வீதி போகிறது. சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள், மா ஆலை, சீமெந்து ஆலை எல்லாம் இருப்பதால் அந்த வீதியில் ஓடுவது வெறும் கார்கள் அல்ல. எரிபொருள் பவுசர்களும் பார லொறிகளும்தான். ஒரு பவுசர் புரண்டால், கொட்டும் டீசல் முதலில் பக்கத்து வடிகானைத்தான் தேடும். அடுத்த மதகின் தண்ணீர் குளத்துக்குள் போகிறதா, குளக்கட்டுக்குக் கீழே வயல் வாய்க்காலுக்குப் போகிறதா என்பது அந்த நிமிடத்தில் தெரிந்திருக்க வேண்டும். கோப்பைப் புரட்டித் தேட நேரமிருக்காது. நீர்த்தேக்க ஓரம் போகும் நெடுஞ்சாலைகளில் மதகு வாயில் ஒரு மூடுகதவும், அதற்கு முன் எண்ணெய் மிதந்து நிற்க ஒரு தொட்டியும் வைப்பது பல நாடுகளில் உள்ள ஏற்பாடு. விலை கூடிய தொழில்நுட்பம் அல்ல. வான்கதவும் துலுசும் கட்டிப் பழகிய நாட்டுக்கு ஒரு மூடுகதவு புதிதா?

அமெரிக்கா இதில் முந்திக்கொண்டதற்குக் காரணம் அறிவைவிடச் சட்டம்தான். 1987 இல் அங்கே நீர்ச் சட்டத்தைத் திருத்தி, மழைநீர் வடிகான்களுக்கும் அனுமதிப் பத்திரம் வேண்டும் என்றார்கள். 1990 இல் வந்த விதிகளோடு பெரிய நகரங்களும் நெடுஞ்சாலைத் திணைக்களங்களும் அதற்குள் வந்தன. அனுமதி வந்ததும் அளக்க வேண்டிய கடமையும் வந்தது. நாளுக்கு 30,000 வாகனங்களுக்கு மேல் ஓடும் நெடுஞ்சாலைகளின் நீர் மற்றவற்றைவிடத் தெளிவாக அதிக அழுக்குடையது என்று அங்கு 1990 இல் வெளியான ஆய்வு சொன்னது. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு, நமது வீதிகளில் அவ்வளவு வாகனம் இல்லையே என்று விட்டுவிட நினைப்பவர்கள் இருப்பார்கள். அந்த எண் வேறு காலநிலைக்கும் வேறு வாகனக் கலவைக்கும் உரியது. மாதக்கணக்கில் பெரிதாகக் கழுவப்படாத, பார லொறி ஓடும், கிறவல் ஓரமுள்ள வீதிக்கு அது அளவுகோல் ஆகாது.

மூலத்திலேயே நிறுத்துவது எப்போதும் மலிவு. இலங்கை 2002 இல் ஈயம் கலந்த பெற்றோலை நிறுத்தியது. எந்த வடிகானிலும் எந்த வடிகட்டியும் அவ்வளவு ஈயத்தைப் பிடித்திருக்காது. கலிபோர்னியாவும் வொஷிங்டனும் 2010 இல் பிரேக் கட்டைகளில் செம்பைக் குறைக்கச் சட்டம் கொண்டுவந்ததும் அதே யோசனைதான்.

மூலத்தில் நிறுத்த முடியாததற்கு உலகம் கண்ட எளிய வழி, சீமெந்து வடிகானுக்குப் பதிலாகப் புல் வளர்ந்த அகன்ற, ஆழமற்ற வாய்க்கால். தண்ணீர் புல்லுக்குள் மெதுவாகப் போகும்போது மண் படிகிறது. வொஷிங்டன் மாநில வடிவமைப்பு விதி அந்த நீர் புல்லுக்குள் குறைந்தது 9 நிமிடம் தங்க வேண்டும் என்கிறது. இதை அப்படியே இங்கே கொண்டுவந்து வைத்தால் ஆடி மாதத்தில் புல் கருகிப்போய், முதல் மழை வரும்போது வெறும் மண்தான் இருக்கும். மிக அழுக்கான மழை வரும் நாளில் வாய்க்கால் மிகப் பலவீனமாக இருக்கும் என்று அர்த்தம். அறுகு நட்டால் ஓரளவு தப்பலாம்; காய்ந்தாலும் வேர் மண்ணைப் பிடித்திருக்கும், ஒரு மழைக்குத் தளிர்த்துவிடும். மாடு மேய்வதை எப்படித் தடுப்பது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

குளம்போல் தேக்கிப் படியவிடும் தொட்டிகளும் உண்டு. இங்கே அதைப் பேசும்போது 2017 ஐ மறக்க முடியாது. அந்த ஆண்டு கிண்ணியாவை உலுக்கிய டெங்கு, தேங்கும் தண்ணீர் என்றாலே ஊரை அஞ்சவைத்தது. அந்த அச்சம் நியாயமானது. ஆகவே எந்தத் தேக்கத் தொட்டியும் மூன்று நாளுக்குள் முழுவதும் வற்றும்படி இருக்க வேண்டும். நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர அதைவிடக் கூடிய நாட்கள் வேண்டும். கிண்ணியாவின் தாழ்நிலத்தில் மாரியில் நிலத்தடி நீர் மேலேறி நிற்கும்போது அப்படி வற்றவைப்பது கடினம். அங்கே தொட்டியைவிடக் கூட்டிப் பெருக்குவதே நல்லது.

கூட்டிப் பெருக்குவது என்றதும் சிலர் சிரிப்பார்கள். ஆனால் அழுக்கு வரும் தேதி ஏறத்தாழத் தெரிந்த ஊருக்கு இதைவிட மலிவான சுத்திகரிப்பு இல்லை. ஆவணி முடிவதற்குள் வீதியோர மண்ணையும் வடிகான் சேற்றையும் அள்ளிவிட்டால் முதல் மழைக்குக் கழுவ மிஞ்சுவது குறைவு. நடைமுறையில் பல ஊர்களில் பார்ப்பது வேறு: மாரி தொடங்கித் தண்ணீர் நின்ற பிறகுதான் வடிகான் தோண்டுகிறார்கள், அள்ளிய சேற்றை வடிகான் ஓரத்திலேயே குவிக்கிறார்கள். அடுத்த மழை அதைத் திரும்ப உள்ளே தள்ளிவிடும். அந்தச் சேறு டயர்த் தூளும் ஒயிலும் ஊறியது. வயலுக்கோ தோட்டத்துக்கோ நிரப்பக் கொடுக்கக் கூடாது.

சரி, அளப்பது எப்படி? மழை நேரத்தில் ஒரு போத்தலில் தண்ணீர் எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால் போதும் என்று நினைப்பது இயல்பு. ஐந்தாம் நிமிடத்தில் எடுத்த போத்தலும் அறுபதாம் நிமிடத்தில் எடுத்த போத்தலும் இரண்டு வெவ்வேறு வீதிகளைப்போலப் பேசும். அதனால் ஒரு மழையில் வந்த மொத்த மாசை, வந்த மொத்தத் தண்ணீரால் வகுத்து வரும் சராசரியைத்தான் ஒப்பிடுவார்கள். அதற்கு மதகில் நீர்மட்டத்தைத் தொடர்ந்து பதியும் கருவி வேண்டும், ஓட்டத்துக்கு ஏற்பத் துளித்துளியாகச் சேர்க்கும் தானியங்கி மாதிரியெடுப்பி வேண்டும், பக்கத்தில் மழைமானி வேண்டும். ஒயிலை மட்டும் அந்தக் கருவியால் எடுக்க முடியாது. குழாயின் உட்சுவரில் ஒட்டிவிடும். கண்ணாடிப் போத்தலில் கையால்தான் பிடிக்க வேண்டும். கரைந்த உலோகத்தை அளக்கவேண்டுமானால் தண்ணீரை விரைவில் வடிகட்டி அமிலமிட வேண்டும். தாமதித்தால் உலோகம் துகளுக்கும் நீருக்கும் இடையே இடம் மாறிவிடும்.

இவ்வளவும் ஒரே நாளில் இங்கே வரப்போவதில்லை. வராவிட்டாலும் தொடங்கலாம். மலிவான ஒரு வகைப் போத்தல் இருக்கிறது: வடிகானில் குறித்த மட்டத்தில் பொருத்தி வைத்தால் முதல் தண்ணீர் உள்ளே நிரம்பும், நிரம்பியதும் மிதக்கும் பந்து வாயை அடைத்துவிடும். மழைக்குள் ஆள் நிற்கத் தேவையில்லை. கலங்கல் அளக்கும் கைக்கருவி ஒன்றும் போதும். துகளோடுதான் உலோகம் போகிறது என்பதால் கலங்கல் ஒரு நல்ல துப்பு. புரட்டாதிக்கு முன் வடிகான் சேற்றையும், மாரி முடிந்தபின் சிப்பிச் சதையையும் ஆண்டுக்கு ஒருமுறை சோதித்தால் தண்ணீர் மாதிரி தவறவிட்டதை அவை சொல்லும். அமெரிக்கா 1986 முதல் தன் கரையோரத்தைச் சிப்பிகளை வைத்துத்தான் கண்காணிக்கிறது. கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. இது பட்டப்படிப்பு மாணவர்கள் செய்யக்கூடிய வேலை. ஒரு எச்சரிக்கை மட்டும்: நகரத்தில் துத்தநாகம் அதிகம் வந்தால் உடனே டயரைக் குற்றம் சாட்டக் கூடாது. தகரக் கூரையிலிருந்தும் அது வரும். கூரைத் தண்ணீர் கலக்காத ஒரு வீதித் துண்டையும், வீதித் தண்ணீர் கலக்காத ஒரு வடிகானையும் சேர்த்து அளந்தால்தான் வேறுபாடு பிடிபடும்.

கருவியைவிடப் பெரிய தடை, இது யாருடைய தண்ணீர் என்பது. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையவை. சிறிய வீதிகள் மாகாணத்துக்கோ உள்ளூராட்சி மன்றத்துக்கோ உரியவை. வீதியோர வடிகான் சிறிது தூரத்தில் ஊர் வடிகானோடு சேரும், அது நீர்ப்பாசன வாய்க்காலிலோ களப்பிலோ விழும். உயர்நீர்க் கோட்டிலிருந்து 300 மீற்றருக்குள் வந்ததும் 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம் வந்துவிடும். ஒரு வாகனச் சேர்விஸ் நிலையம் ஒயில் தண்ணீரை வெளியே விடுவதற்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் எடுக்க வேண்டும். அதன் வாசலால் போகும் நெடுஞ்சாலை அதைவிடக் கூடுதலாக விட்டாலும் அப்படி ஓர் உரிமம் கிடையாது. 10 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நெடுஞ்சாலை கட்டுவதற்கு ஆரம்பச் சுற்றாடல் பரிசோதனையோ சுற்றாடல் தாக்க மதிப்பீடோ வேண்டும் என்பது 1993 முதல் விதி. கட்டும் காலத்தில் ஒப்பந்தகாரர் நீர் மாதிரி எடுப்பதும் உண்டு. வீதியைக் கையளித்ததும் அது பெரும்பாலும் நின்றுபோகிறது. வீதி அழுக்கு அப்போதுதான் தொடங்குகிறது.

புதிய சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வேலை இருக்கிறது. பராமரிப்பு ஒப்பந்தங்களில் புல்வெட்டுதல், பள்ளம் நிரப்புதல், மதகு துப்புரவாக்கல் எல்லாம் வரிவரியாக இருக்கும். அதில் இரண்டு வரி சேர்க்கலாம்: ஒவ்வொரு மதகின் நீரும் எங்கே போய் விழுகிறது என்று வரைபடத்தில் குறிப்பது, ஆவணிக்குள் அள்ளும் சேற்றின் அளவையும் அது கொட்டப்பட்ட இடத்தையும் பதிவது. ஏ-6 இல் கந்தளாயிலிருந்து சீனக்குடா வரையான துண்டில் தொடங்கினால் குடிநீருக்கும் கடலுக்கும் ஒரே வரைபடம் உதவும்.